தப்பிக்கக் கற்ற மனம்

பிறந்த குழந்தைக்குப் பால் குடிக்க யாரும் சொல்லித் தருவதில்லை. உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்கிறது. திடீரென்று பெரிய ஓசை கேட்டால் அதன் உடல் தூக்கிவாரிப் போடுகிறது. இவை உடலோடு வந்தவை. இவற்றைத் தாண்டி மனிதர் செய்வதில் பெரும்பகுதி அனுபவத்தால் வந்து சேர்ந்தது. எதைக் கண்டு அஞ்சுவது, எதற்கு வெட்கப்படுவது, யார் எதிரில் வாயை மூடிக்கொள்வது, எந்த நினைவு எட்டிப் பார்த்ததும் பேச்சை மாற்றுவது என்பதெல்லாம் இதில் அடங்கும். இதைத்தான் உளவியலார் கற்ற நடத்தை என்கிறார்கள். அவர்களுடைய கணக்கில் கற்றல் என்பது பள்ளிப் பாடம் மட்டுமல்ல. அனுபவத்தின் விளைவாக நடத்தையில் ஓரளவு நிலையான மாற்றம் ஏற்பட்டால் அது கற்றல். நல்லது கெட்டது என்ற பேதம் அதற்குக் கிடையாது. நீச்சலைப் போலவே பயமும் கற்கப்படுகிறது, பொய்யும் கற்கப்படுகிறது.

இந்தத் துறை தொடங்கியது ஒரு வயிற்று ஆராய்ச்சியில். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்தவர் இவான் பாவ்லோவ். அந்த வேலைக்காகவே 1904இல் நோபல் பரிசு பெற்றார். நாயின் கன்னத்தில் சிறு துளையிட்டு, ஊறும் உமிழ்நீரைக் குழாய் வழியே வெளியே எடுத்து அளப்பது அவருடைய முறை. அப்படி அளக்கும்போது ஒரு தொல்லை தலைகாட்டியது. உணவு வாய்க்கு வரும் முன்பே, தட்டைக் கண்டதும், உணவு கொண்டுவரும் ஆளின் காலடி கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறியது. இன்னொருவராக இருந்தால் அளவைக் கெடுக்கும் இடையூறு என்று ஒதுக்கியிருப்பார். பாவ்லோவ் மீதி வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்.

மெட்ரோனோம் கருவியின் டிக் டிக் ஓசை நாய்க்கு ஒரு பொருட்டே அல்ல. அந்த ஓசையை ஒலிக்கவிட்டு உடனே உணவு கொடுப்பதைச் சில முறை செய்தால், பிறகு ஓசை மட்டும் கேட்டாலே எச்சில் ஊறும். தமிழில் உளவியல் பாடநூல்கள் இதை ஆக்கநிலையுறுத்தல் என்கின்றன. பாவ்லோவ் இதோடு நிற்கவில்லை. பழக்கிய ஓசையை ஒத்த வேறு ஓசைகளுக்கும் நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கண்டார். உணவு தராமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால் எச்சில் குறைந்து நின்றுவிடுவதையும் கண்டார். எல்லாவற்றிலும் முக்கியமான கண்டுபிடிப்பு, அப்படி நின்றுபோன எதிர்வினை சற்று நேர ஓய்வுக்குப் பின் தானாகவே மீண்டும் தலைதூக்கியதுதான். கற்றது மறைந்ததுபோல் தோன்றினாலும் அழிந்துவிடுவதில்லை.

1924 செப்டம்பரில் நேவா ஆறு பெருக்கெடுத்து, அப்போது லெனின்கிராடு என்று பெயர் மாறியிருந்த அந்நகரத்தை மூழ்கடித்தது. கூண்டுகளில் கழுத்தளவு நீரில் தத்தளித்த நாய்களைப் பணியாளர்கள் கடைசி நேரத்தில் மீட்டார்கள். அதன்பின் சில நாய்கள் பல மாதம் பாடுபட்டுக் கற்றதை மறந்துபோயிருந்தன. தேறி வந்த பிறகும், ஆய்வறையின் கதவிடுக்கில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டதும் பழைய நடுக்கம் திரும்பியது. ஒரே ஒரு மாலை நேரம் கற்றுத் தந்த பாடம் அது. பேரிடரிலிருந்து தப்பியவர்களின் மனநிலையை விளக்க இன்றும் இதைவிடத் தெளிவான விலங்குச் சான்று கிடைப்பது கடினம்.

மனிதப் பயமும் இவ்வழியே வருகிறதா என்று சோதித்தவர் அமெரிக்காவின் ஜான் வாட்சன். 1920இல் பால்டிமோரில் அவரும் ரோசலி ரேனரும் நூல்களில் 'ஆல்பர்ட்' என்று குறிக்கப்படும் 11 மாதக் குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டினார்கள். குழந்தை அதைத் தொடப்போகும்போது பின்னாலிருந்து ஓர் எஃகுத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஏழு முறை இப்படிச் செய்ததும் எலியைக் கண்டாலே குழந்தை அழுது ஒதுங்கியது. முயல், ரோமக் கோட்டு வரை அந்த அச்சம் பரவியது. அச்சத்தைப் போக்கும் முன்பே அக்குழந்தை, தான் இருந்த மருத்துவமனையைவிட்டுப் போய்விட்டது. ஒரே ஒரு குழந்தையை வைத்துச் செய்த, அளவீடு தளர்ந்த, இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. பாடநூல்கள் அதற்குத் தந்திருக்கும் இடம் அதன் தகுதிக்கு மிஞ்சியது என்றே சொல்ல வேண்டும். ஆனால் பயம் கற்கப்படக்கூடியது என்ற அடிப்படைச் செய்தி பிற்காலச் சோதனைகளிலும் நிலைத்தது.

பாவ்லோவின் நாய் செய்ததெல்லாம் எதிர்பார்த்தது மட்டுமே; எதையும் செய்து பெறவில்லை. செய்து பெறும் கற்றலை முதலில் அளந்தவர் எட்வர்டு தார்ண்டைக். பசித்த பூனையைப் பெட்டிக்குள் அடைத்து, உள்ளிருக்கும் தாழ்ப்பாளை அது தட்டுத்தடுமாறித் திறக்க எத்தனை நேரம் எடுக்கிறது என்று குறித்தார். 1898இல் வெளிவந்த இந்த ஆய்வின் முடிவு எளியது. நிறைவைத் தந்த செயல் நிலைக்கிறது, தராத செயல் உதிர்கிறது. இதை ஒரு முழு அறிவியலாக வளர்த்தவர் ஹார்வர்டின் பி.எஃப். ஸ்கின்னர். செயலைத் தொடர்ந்து ஒரு விளைவு வந்து, அதனால் அச்செயல் பெருகினால் அந்த விளைவு வலுவூட்டி. விரும்பியது கிடைப்பது நேர்மறை வலுவூட்டல். வேண்டாதது நீங்குவது எதிர்மறை வலுவூட்டல்.

இரண்டாவதைத் தண்டனை என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். தண்டனை செயலைக் குறைக்கிறது. எதிர்மறை வலுவூட்டல் செயலைப் பெருக்குகிறது. கடைத்தெருவில் மிட்டாய் கேட்டு ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது, தாய் வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். அழுதால் மிட்டாய் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. மிட்டாய் வாங்கினால் அழுகை நிற்கும் என்று தாயும் கற்றுக்கொள்கிறாள். ஒரே காட்சியில் இருவர் பயிற்சி பெற்றுவிட்டார்கள். அடுத்த முறை இருவருமே இன்னும் விரைவாகச் செய்வார்கள்.

வலுவூட்டல் எப்போது வரும் என்று சொல்ல முடியாதபோது பழக்கம் மிக உறுதியாகப் பதிகிறது. சூதாட்ட இயந்திரத்தின் முன் மணிக்கணக்கில் உட்கார வைப்பது இதுதான். கைப்பேசித் திரையை விரலால் ஓயாமல் தள்ள வைப்பதும் ஏறக்குறைய இதுதான். செயலுக்கும் பலனுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் கற்றல் நடக்கலாம். 1948இல் ஸ்கின்னர் புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், 15 விநாடிக்கு ஒருமுறை இரை விழச் செய்தார். இரை விழுந்த தருணத்தில் தற்செயலாக என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே ஒவ்வொரு புறாவும் பிடித்துக்கொண்டது. ஒன்று வட்டமிட்டுச் சுற்றியது. இன்னொன்று கூண்டின் மூலையை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டேயிருந்தது. ஆய்வாளர் வைத்த தலைப்பிலேயே மூடநம்பிக்கை என்ற சொல் இருந்தது.

தானே செய்து பார்க்காமல், பிறர் செய்வதைப் பார்த்தும் கற்கலாம். ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பாண்டூரா 1961இல் 72 சிறுவர் சிறுமியரைக் கொண்டு இதைக் காட்டினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்து ஏசுவதைப் பார்த்த பிள்ளைகள், பின்னர் அதே பொம்மையை அதே பாணியில், சில வேளை அதே சொற்களோடு அடித்தார்கள். யாரும் அவர்களுக்குப் பரிசு கொடுக்கவில்லை.

கற்ற நடத்தைகளில் எளிதில் விடாதது ஒன்று உண்டு: தவிர்த்தல். 1950களின் தொடக்கத்தில் ரிச்சர்டு சாலமனும் உடனாய்வாளர்களும் நடுவே தடுப்புள்ள பெட்டியில் நாய்களை விட்டார்கள். ஒரு சமிக்ஞை, 10 விநாடி கழித்துத் தரையில் மின்சாரம். தடுப்பைத் தாண்டி மறுபக்கம் போனால் தப்பலாம். நாய்கள் சில முறையிலேயே சமிக்ஞை வந்ததும் தாண்டக் கற்றன. பிறகு மின்சாரம் அடியோடு நிறுத்தப்பட்டது. நாய்கள் நிறுத்தவில்லை. நூற்றுக்கணக்கான முறை தாண்டிக்கொண்டே இருந்தன. இந்தச் சோதனைகளின் கொடுமையை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அவை காட்டியது மனிதர்களைப் பற்றிப் பெரிய உண்மை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். நாடாததால்தான் இன்று அடுப்பு அணைந்திருக்கிறது என்பது பூனைக்குத் தெரியவே போவதில்லை.

இதற்கு 1947இலேயே ஹோபர்ட் மௌரர் இரு படிகளாக விளக்கம் தந்திருந்தார். முதலில் பாவ்லோவ் வழியில் சமிக்ஞையோடு அச்சம் ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஸ்கின்னர் வழியில், தாண்டியதும் அச்சம் தணிகிறது. அந்த நிம்மதியே வெகுமதியாகிறது. ஒவ்வொரு தப்பித்தலும் அடுத்த தப்பித்தலுக்குக் கூலி கொடுக்கிறது. லிஃப்டில் ஒருமுறை சிக்கியவர் அதன்பின் படிக்கட்டிலேயே ஏறுவதும், மேடையில் ஒருமுறை தடுமாறியவர் ஆண்டுக்கணக்கில் மேடைப் பக்கமே போகாததும் இப்படித்தான் நீடிக்கின்றன.

தப்பவே வழியில்லை என்றால்? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சாலமனின் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களாக இருந்த மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் ஆகியோர் 1967இல் இதைச் சோதித்தார்கள். என்ன செய்தும் நிறுத்த முடியாத மின்அதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பெரும்பாலானவை, பிறகு எளிதாகத் தப்பக்கூடிய பெட்டியிலும் முயலாமல் படுத்துக்கிடந்தன. கற்ற கையறுநிலை என்ற கருத்து இதிலிருந்து பிறந்து, மனச்சோர்வு ஆய்வுகளில் பெரும் செல்வாக்குப் பெற்றது. சுமார் 50 ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தின் முன் செயலற்றுப்போவது கற்பது அல்ல, உயிரின் இயல்பான எதிர்வினை. கற்கப்படுவது 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதுதான். தன் புகழுக்கு ஆதாரமான கோட்பாட்டை ஆய்வாளரே திருத்தி எழுதுவது அறிவியலில் அடிக்கடி நடப்பதல்ல.

இதுவரை சொன்ன ஆபத்துகள் எல்லாம் வெளியே இருப்பவை: மின்சாரம், வெள்ளம், மேடை. ஆபத்து உள்ளேயே இருந்தால், அதாவது ஒப்புக்கொள்ள முடியாத ஆசையாக, தன்னைப் பற்றிய கசப்பான உண்மையாக, பெற்றவர் மேலேயே எழும் கோபமாக இருந்தால், எந்தத் தடுப்பைத் தாண்டுவது? இந்தக் கேள்வியை வேறு திசையிலிருந்து எடுத்தவர் வியன்னாவின் சிக்மண்ட் ஃபிராய்டு. தாங்க முடியாத எண்ணத்தை மனம் நனவிலிருந்து விலக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று 1894இல் எழுதினார். 1926இல் அதைத் திருத்தி, பதற்றம் என்பது ஓர் எச்சரிக்கை மணி என்றார். விலக்கப்பட்ட எண்ணம் தலைநீட்டும்போது மணி அடிக்கிறது. உடனே தற்காப்பு உத்தி ஒன்று இயங்கி அதை அடக்குகிறது. அதைச் செய்வது நமக்கே தெரியாது என்பதுதான் இதன் சாரம். தெரிந்தே செய்தால் அது வெறும் சாக்கு.

சிதறிக்கிடந்த இந்த உத்திகளை ஒரே நூலில் வரிசைப்படுத்தியவர் அவருடைய மகள் அன்னா ஃபிராய்டு. தந்தையின் 80ஆம் பிறந்தநாளையொட்டி 1936இல் அந்த நூல் வந்தது. குழந்தைகளோடு பழகியவர் என்பதால் அவருடைய எடுத்துக்காட்டுகளில் உயிர் இருக்கிறது. இருட்டுக் கூடத்தைக் கடக்க அஞ்சிய ஒரு சிறுமி, விசித்திரமாகக் கையைக் காலை ஆட்டிக்கொண்டே ஓடிக் கடக்கக் கற்றாள். தம்பிக்கும் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள்: எதிரே வரக்கூடிய பேய் நீயே என்று பாவித்துக்கொள், பயம் வராது. அச்சுறுத்துபவரோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்ளும் இந்த உத்தி விளையாட்டோடு முடிவதில்லை. கொடுமைக்கு ஆளான மாணவன் மேல்வகுப்புக்குப் போனதும் இளையவர்களை வதைப்பதில் இதே வேர் இருக்கக்கூடும்.

அடிப்படை உத்தி ஒடுக்குதல். வேதனை தரும் எண்ணமோ நினைவோ நனவுக்கு எட்டாமல் போகிறது. இந்தியாவில் இதைத் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸ். 1921இல் ஆய்வேட்டை முடித்து, 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவி, ஃபிராய்டுடன் ஆண்டுக்கணக்கில் கடிதத்தில் வாதாடினார். ஒடுக்கப்படும் ஒவ்வோர் ஆசைக்கும் எதிரான ஆசை ஒன்றும் மனத்தில் கூடவே இருக்கிறது என்பது அவருடைய கட்சி. ஃபிராய்டு அதை முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் அவருடைய 75ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தா கழகம் அனுப்பிய தந்தத்தாலான விஷ்ணு சிலை அவருடைய மேசையில் இடம்பிடித்தது.

மறுத்தல் ஒடுக்குதலைவிட வெளிப்படையானது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே, எனக்குச் சர்க்கரை நோயெல்லாம் இல்லை என்பவர் உண்மையின் ஒரு பகுதியையே ஏற்க மறுக்கிறார். பிறர்மேல் ஏற்றுதல் என்பது தன்னுள் இருப்பதைப் பிறரிடம் காண்பது. மனத்துக்குள் துரோகம் நினைப்பவர் துணையைச் சந்தேகிக்கிறார். எதிர்மாறாக்கலில் உள்ளே வெறுப்பு, வெளியே மிதமிஞ்சிய அன்பு. பின்னடைதலில் தங்கை பிறந்ததும் மூத்த குழந்தை மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்குகிறது.

இடம்பெயர்த்தல் எல்லா வீட்டிலும் காணக்கூடியது. அலுவலகத்தில் மேலாளரிடம் வாங்கிய ஏச்சு வீட்டில் மனைவிமீதும், அங்கிருந்து பிள்ளைமீதும் இறங்குகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் நீல் மில்லர் இதை எலிகளிடமே காட்டினார். மின்அதிர்ச்சி வந்ததும் ஒன்றையொன்று தாக்கப் பழகிய எலிகள், எதிராளி இல்லாதபோது பக்கத்திலிருந்த சிறு பொம்மையைத் தாக்கின. வலிமையானவரை விட்டு வலிமையற்றவர்மேல் கோபம் பாய்வதற்குச் சிக்கலான நனவிலி மனம்கூடத் தேவையில்லை போலும்.

நியாயம் கற்பித்தல் என்பதற்கு 1908இல் பெயரிட்டவர் ஃபிராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உண்மைக் காரணம் கூசச் செய்வதால், கேட்கத் தகுந்த வேறு காரணத்தை மனம் தேடித் தருகிறது. தற்காப்பு உத்திகளில் ஆய்வுக்கூடத்தில் நன்றாகப் பிடிபட்டது இதன் நெருங்கிய உறவுதான். 1959இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் மாணவர்களை ஒரு மணி நேரம் படு சலிப்பான வேலை செய்ய வைத்து, வெளியே காத்திருப்பவரிடம் அது சுவையான வேலை என்று பொய் சொல்லச் சொன்னார்கள். சிலருக்கு 20 டாலர் கூலி, சிலருக்கு 1 டாலர். பின்னர் அந்த வேலை பிடித்திருந்தது என்று அதிகமாகச் சொன்னவர்கள் 1 டாலர் வாங்கியவர்கள். 20 டாலருக்காகப் பொய் சொன்னேன் என்று மற்றவர்கள் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு டாலருக்கா பொய் சொன்னேன் என்ற உறுத்தல் இவர்களுக்குத் தாங்கவில்லை. எனவே வேலையே நல்ல வேலையாகிவிட்டது.

செய்ததை அழித்தல் என்னும் உத்திக்கு ஃபிராய்டு 1909இல் வெளியிட்ட ஒரு நோயாளியின் வரலாறு புகழ்பெற்றது. சாலையில் கிடந்த கல்லை அந்த இளைஞர் ஓரமாக எடுத்துப் போட்டார், தாம் நேசித்த பெண்ணின் வண்டி அதில் மோதிவிடக் கூடாதே என்று. சற்று நேரத்தில் அது அபத்தம் என்று தோன்றவே, திரும்பி வந்து கல்லைப் பழைய இடத்திலேயே வைத்தார். அன்பும் பகையும் ஒருவரிடமே மாறி மாறிச் செயல்பட்டதாக ஃபிராய்டு வாசித்தார். பாவ்லோவ், ஸ்கின்னர் வழிவந்த நடத்தையியலார் இதே காட்சியில், தீங்கு நேரும் என்ற பதற்றத்தையும் அதைத் தணிக்கும் சடங்கையும் காண்பார்கள். சடங்கு முடிந்ததும் கிடைக்கும் நிம்மதி அடுத்த சடங்கை அழைக்கிறது.

நடத்தையியல், ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு என்ற இந்த இரு சிந்தனைப் பள்ளிகளும் நெடுங்காலம் ஒன்றையொன்று ஏளனம் செய்தன. அளக்க முடியாததை நடத்தையியலார் ஏற்கவில்லை. எலியை வைத்து மனிதனை அறிய முடியுமா என்று உளப்பகுப்பாய்வினர் கேட்டார்கள். இடையில் பாலம் கட்டியவர்கள் நீல் மில்லரும் ஜான் டொலார்டும். மில்லர் 1930களில் வியன்னா சென்று தாமே உளப்பகுப்பாய்வுக்கு உட்பட்டவர். 1950இல் இருவரும் எழுதிய நூலை ஃபிராய்டுக்கும் பாவ்லோவுக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார்கள். ஒடுக்குதல் என்பது நினைக்காமலிருக்கக் கற்றல் என்பது அவர்களுடைய வாதம். வேதனையான எண்ணம் எழும்போது பதற்றம் கூடுகிறது. நினைப்பதை நிறுத்தியதும் குறைகிறது. அந்தக் குறைவு நிறுத்தலுக்கு வலுவூட்டுகிறது. சாலமனின் நாய் தடுப்பைத் தாண்டியது, இங்கே மனம் எண்ணத்தைத் தாண்டுகிறது. தற்காப்பு உத்தி ஏன் இவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இதுவரை வந்த விளக்கங்களில் இதுவே எளியதும் வலியதும். அறிவுரை ஏன் எடுபடுவதில்லை என்பதும் இதில் விளங்கிவிடுகிறது. உண்மையை எடுத்துச் சொல்பவர் பதற்றத்தின் எச்சரிக்கை மணியை இன்னும் உரக்க அடிக்கிறார். கேட்பவர் இன்னும் வேகமாகத் தாண்டுகிறார்.

ஃபிராய்டின் கோட்பாடு முழுவதும் சோதனையில் தேறியதாகச் சொல்ல முடியாது. ஒடுக்கப்பட்ட நினைவுகளைச் சிகிச்சையில் மீட்கலாம் என்ற நம்பிக்கை 1990களில் அமெரிக்காவில் பெரும் விபரீதங்களுக்கு இட்டுச்சென்றது. நடக்காததையும் மனம் நினைவாக்கிக்கொள்ளலாம். சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக இல்லாத சம்பவத்தை உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 24 பேருக்குச் சொல்லிப் பார்த்தார். சுமார் கால்வாசிப் பேர் அதை ஓரளவேனும் 'நினைவுகூர்ந்தார்கள்'. தெரிந்தே ஓர் எண்ணத்தை அமுக்குவதும் எளிதல்ல. 1987இல் வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்காதீர்கள் என்று டேனியல் வெக்னர் சிலரைக் கேட்டுக்கொண்டார்; பிறகு நினைக்கலாம் என்றதும் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அதையே நினைத்தார்கள்.

தற்காப்பு என்றாலே நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹார்வர்டு மாணவர்கள் 268 பேரை 1938 முதல் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வின் பதிவுகளைக் கொண்டு, மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலன்ட் 1977இல் உத்திகளை நான்கு படிகளாக அடுக்கினார். கீழ்ப்படியில் உண்மையை அடியோடு மறுப்பவை. மேற்படியில் நகைச்சுவை, பிறர்க்கு உதவுதல், வரவிருக்கும் துன்பத்துக்கு முன்கூட்டியே தயாராதல், கோபத்தையோ ஏக்கத்தையோ கலையாகவும் உழைப்பாகவும் உயர்வழிப்படுத்துதல். மேற்படி உத்திகளைக் கையாண்டவர்களின் வேலையும் உறவுகளும் சிறந்திருந்தன. வயது கூடக்கூடப் பலர் கீழ்ப்படியிலிருந்து மேலேறினார்கள். வசதியான ஆண்கள் மட்டுமே அடங்கிய குழு அது என்பதையும் சேர்த்தே இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

கற்றதை மாற்றும் வழியை முதலில் காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ். 1924இல் பீட்டர் என்ற மூன்று வயதுக்கு மேற்படாத சிறுவனுக்கு முயலைக் கண்டால் நடுக்கம். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருந்த முயலை அறையின் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் நெருக்கிக் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். தென்னாப்பிரிக்காவின் ஜோசஃப் வோல்ப் 1958இல் இதை முறைப்படுத்தினார். பயந்ததைச் சிறு படிகளாக எதிர்கொள்ளவிட்டு, தப்பித்து ஓடாமல் நிற்கச் செய்யும் சிகிச்சைகள் இன்று பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளன. உளப்பகுப்பாய்வினரும் தம் வழியில் இதையே செய்கிறார்கள். தற்காப்பை ஒரேயடியாகப் பிடுங்குவதில்லை. நம்பிக்கை வளர்ந்த உறவுக்குள், தாங்கும் அளவுக்கு மட்டும், ஒதுக்கிவைத்த எண்ணத்தைப் பேச்சுக்குக் கொண்டுவருகிறார்கள்.

இந்தச் சிகிச்சைகளில் பழைய அச்சம் அழிவதில்லை என்பதைப் பாவ்லோவின் நாய்களே காட்டிவிட்டன. அதன்மேல் புதிய கற்றல் ஒன்று படிகிறது. அது பெரும்பாலும் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மருத்துவமனை அறையில் லிஃப்ட் பயம் போனவருக்கு, அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் முன் அது திரும்பலாம். அதனால் சிகிச்சையாளர்கள் பயிற்சியை ஒரே அறையில் முடிப்பதில்லை. வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு நேரங்களில், துணையோடும் தனியாகவும் செய்ய வைக்கிறார்கள். இடையில் பயம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் அது தோல்வி அல்ல, எதிர்பார்க்க வேண்டியதே என்று முன்கூட்டியே சொல்லியும் வைக்கிறார்கள்.